கழித்த கிளையில் காய்ந்த ஏலம்: ஒரு ஸ்டோரின் விறகுக் கணக்கு

கேரளத்தின் இடுக்கி மலையில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டமும் அதன் நடுவே ஒரு பழைய ஸ்டோரும் 2021இல் என் கைக்கு வந்தன. மாமனாருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறித் தினமும் ஜீப்பில் குலுங்கி வர அவரால் முடியவில்லை. ஸ்டோர் என்றால் வெளியூர்க்காரர்கள் கடை என்று நினைப்பார்கள். பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறைக்கு மலையில் அதுதான் பெயர். அந்த அறைக்கு வேண்டிய விறகை, மரம் கழித்த கிளைகளிலிருந்தே மொத்தமாகத் திரட்டக் கற்றுக்கொண்ட கதை இது. முதல் வருடம் தப்பித்தேன், இரண்டாம் வருடம் மாட்டிக்கொண்டேன், அப்புறம்தான் விவரம் புரிந்தது.

ஸ்டோரின் அமைப்பு எளிது. அடுப்பு அறைக்கு வெளியே இருக்கும். அதிலிருந்து கிளம்பும் இரும்புத் தகட்டுக் குழாய் அறையின் தரையை ஒட்டி வளைந்து ஓடி, மறுபுறம் புகைபோக்கியாக மேலேறும். புகை குழாயை விட்டு வெளியே வரக் கூடாது. குழாயின் சூடு மட்டும் அறையில் பரவ வேண்டும். மேலே வரிசையாக வலைத்தட்டுகள், தட்டுகளில் காய். பறித்த காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். அதைப் பத்துப் பன்னிரண்டு பங்குக்கு இறக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உள்ளே போனால் ஒரு கிலோ உலர்காய் வெளியே வரும். அதற்கு 18 முதல் 24 மணி நேரம், 45 முதல் 50 டிகிரி வரை சூடு விடாமல் நிற்க வேண்டும்.

அந்த ‘விடாமல்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஐந்தாறு மணி நேரத்தில்தான் காயிலிருந்து ஈரம் குபுகுபுவென்று வெளியேறும். அப்போது சூடு இறங்கிவிட்டால் காய் தன் ஆவியிலேயே புழுங்கி, பச்சை போய் மஞ்சள் தட்டிவிடும். பயந்து அடுப்பை முறுக்கினால் 60 டிகிரியைத் தாண்டி, தோல் வெடித்து, வாசனை எண்ணெயும் பறந்துவிடும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தில் வியாபாரி முதலில் பார்ப்பது நிறம், பருமன், வாசம். ஆக, வருடம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு என்ன விலை என்பதை ஒரு ராத்திரி எரியும் விறகு தீர்மானித்துவிடுகிறது. தோட்டத்துக்கு எந்த உரம், எந்த மருந்து என்று மணிக்கணக்கில் பேசுகிற நாங்கள் விறகைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

2021இல் எல்லாம் சுமுகமாகப் போனது. மாமனார் அடுக்கி வைத்திருந்த விறகு ஸ்டோரின் பின்னால் கூரை வரைக்கும் நின்றது. எடுத்தோம், எரித்தோம், காய் கண்ணாடி மாதிரி பச்சையாக வந்தது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அந்த அடுக்கு இரண்டு வருடத்து உழைப்பு என்பது அது தீர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அழுத விறகு

2022 ஜூலையில் முதல் எடுப்புக்கு, அதாவது முதல் சுற்றுக் காய் பறிப்புக்கு, ஆள் இறங்கியபோது பின்பக்கம் வெறும் தரைதான் இருந்தது. அவசரத்துக்கு, சுற்றுவட்டத்தில் அப்போதுதான் நிழல் மரங்களில் கழித்துப் போட்டிருந்த கிளைகளை டன் கணக்கில் பேசி பிக்கப் வண்டியில் இறக்கினேன். விலை மலிவு. பேரம் படிந்ததில் சந்தோஷம் வேறு.

ஆகஸ்டில் இரண்டாவது எடுப்பு. 450 கிலோ பச்சைக்காய் தட்டில் ஏறியிருந்தது. வெளியே கொட்டுகிற மழை. இரவு பதினொரு மணிக்குத் தெர்மாமீட்டரில் 38 டிகிரி. அடுப்பு நிறைய விறகு இருக்கிறது, ஆனால் சூடு ஏறவில்லை. ஸ்டோர் பார்க்கும் அண்ணன் முப்பது வருடமாக அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர். டார்ச்சை அடித்துக் காட்டி, “தம்பி, விறகு அழுவுது பாருங்க” என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு முனை நெருப்பில் இருக்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெட்டுவாயில் நுரை கொப்புளித்து, பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சீ... என்று மெல்லிய சத்தம் வேறு.

“போன மாசம் வரைக்கும் மரத்துல நின்ன கிளை. இதை எரிக்கணும்னா மொதல்ல இதுக்கு ஒரு ஸ்டோர் வேணும்” என்றார்.

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. விடியும் வரை மாற்றி மாற்றி ஊதியும் 42ஐத் தாண்டவில்லை. காய் மொத்தமாகப் புழுங்கிவிட்டது. அதைவிட மோசம், ஈர விறகின் புகை குளிர்ந்து குழாய்க்குள் தாராகப் படிந்திருந்தது. துருப்பிடித்திருந்த ஒரு மூட்டு வழியே அது கசிய, புகையும் அறைக்குள் இறங்கியது. அந்தச் சரக்கை ஏலத்துக்குக் கொண்டுபோனபோது, மாதிரியை உள்ளங்கையில் கொட்டி ஒரு காயை உரித்து மூக்கருகே கொண்டுபோன வியாபாரி, ஒன்றும் சொல்லாமல் கையைத் தட்டிவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். அன்றைய நல்ல காயின் விலைக்கு வெகு கீழே போனது அந்த லாட். அந்தப் பருவத்தில் மொத்தம் மூன்று லாட் இப்படி.

எங்கே போனது சூடு

பருவம் முடிந்த கையோடு, 2023 ஜனவரியில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்துக் காயையும் கூலிக்கு உலர்த்தியதில் அந்த வருடம் ஸ்டோரில் இறங்கிய உலர்காய் ஏறத்தாழ 1,400 கிலோ. எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டினால் எரித்த விறகு 9 டன். ஒரு கிலோ ஏலக்காய்க்கு ஆறரை கிலோ விறகு!

விறகில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். புதிதாகக் கழித்த கிளையின் நடுப்பகுதியிலிருந்து சரியாக ஒரு கிலோ துண்டை அறுத்து, பிளந்து, அடுப்பு மேடையின் சூட்டில் வைத்துத் தினமும் எடை போட்டேன். எடை இறங்குவது நின்றபோது தராசு காட்டியது 480 கிராம். பாதிக்கு மேல் தண்ணீர். 9 டன் என்று நான் காசு கொடுத்து வாங்கியதில் நாலரை டன் தண்ணீர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விறகைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதி ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 2.3 யூனிட் (மின்சாரத்தை அளக்கும் அதே யூனிட்) சூடு தரும். ஐந்தில் ஒரு பங்கு ஈரம் வரை காய்ந்தது சுமார் 4.1 யூனிட் தரும். கேட்டால் இரண்டு மடங்கு மாதிரி தெரியும். ஆனால் ஒரு டன் ஈர விறகைக் காய வைத்தால் அது டன்னாகவே நிற்காது, 625 கிலோவாகச் சுருங்கிவிடும். அந்த 625 கிலோ தருவது ஏறத்தாழ 2,560 யூனிட். ஈரமாகவே எரித்திருந்தால் 2,300 யூனிட். தாளில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். அப்படியென்றால் ஏன் காய வைக்க மெனக்கெட வேண்டும்?

காரணம், அடுப்பு தாளில் எரிவதில்லை. ஈர விறகில் நெருப்பின் வெப்பம் இறங்கிவிடுகிறது. மரத்திலிருந்து கிளம்பும் வாயு முழுதாக எரியாமல் புகையாகவே குழாய்க்குள் போகிறது. குழாய் குளிர்ந்தால் புகையை மேலே இழுக்கும் இழுவை குறையும், இழுவை குறைந்தால் நெருப்பு இன்னும் மங்கும். உள்ளே படியும் தாரோ, குழாயின் சூட்டை அறைக்கு விடாமல் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்குச் சூடு தேவைப்படுவது அந்த முதல் ஐந்தாறு மணி நேரத்தில். மறுநாள் மதியம் வரப்போகும் சூட்டை வைத்து என்ன செய்வது? என் கணக்கில், 2022இல் விறகின் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குகூடக் காயின் ஈரத்தைப் போக்கப் பயன்படவில்லை.

வாங்குவதற்கு இதிலிருந்து ஒரு விதி கிடைத்தது. பச்சை விறகு ஒரு டன் என்றால் அதைக் காய்ந்த விறகில் 600 கிலோ என்று மட்டும்தான் மதிக்க வேண்டும். அதற்கு மேல் பிளக்கும் கூலி, அடுக்கும் கூலி, ஒரு வருடம் இடம் கொடுக்கும் செலவு. இதையெல்லாம் சேர்த்தும் காய்ந்த விறகைவிட மலிவாக இருந்தால் மட்டும் எடுப்பேன்.

கிளை எங்கிருந்து வரும்

ஏலச்செடிக்கு நிழலும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். கோடையில் செடியைக் காப்பாற்றும் அதே நிழல், மேகம் மூடிய மழைக்காலத்தில் தோட்டத்தை இருட்டாக்கி அழுகல் நோயைக் கூப்பிடும். அதனால்தான் மே, ஜூனில் மழைக்கு முன் கிளை கழிக்கிறோம். மலை முழுக்க ஒரே நேரத்தில் கழிப்பதால், அந்த ஒன்றரை மாதத்தில் விறகு கால் இடறும் அளவுக்குக் கிடக்கும். அப்புறம் பத்து மாதம் தேடினாலும் கிடைக்காது.

சட்டம் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி ஏலமலைக் காப்பு நிலத்தில் இருக்கிறது. அங்கே மரத்தை வேரோடு வெட்டுவது ஒன்று, நிழலுக்காகக் கிளை கழிப்பது வேறு. கழிப்பதற்கும் வனத்துறையைக் கேட்க வேண்டும். ‘எப்படியோ வந்த விறகு, நாம் ஏன் கேட்க வேண்டும்’ என்று வாங்குபவர் இருக்க முடியாது. அனுமதித் தாள் இல்லாத லோடு எவ்வளவு மலிவாக வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

2023 மே, ஜூனில் 11 டன் சேர்த்தேன். சொந்தத் தோட்டத்தில் கிடைத்தது 3 டன். பெரும்பங்கு, அதாவது 5 டன், ஸ்டோர் இல்லாத மூன்று சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்குக் கழித்த கிளை ஒரு தொல்லை. செடிமேல் விழுந்து கிடப்பதை அப்புறப்படுத்தவே ஆள்கூலி ஆகும். “கிளையை நான் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் காயை உலர்த்தும் கூலியில் கழித்துக்கொள்ளலாம்” என்றேன். காசு கைமாறவே இல்லை. மூவரும் இன்றைக்கும் அதே ஏற்பாட்டில் இருக்கிறார்கள். விறகு வியாபாரியிடம் எனக்குக் கிடைக்காத ஒன்று இவர்களிடம் கிடைத்தது: அடுத்த வருடமும் வரும் என்ற உறுதி.

இன்னொரு 2 டன் மின்கம்பியால் வந்தது. மழைக்கு முன் கேரள மின்வாரியத்து ஆட்கள் கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுவார்கள். வெட்டியது அந்தந்த நிலத்துக்காரர் வாசலிலேயே கிடக்கும். அவரிடம் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார். கஷ்டம் என்னவென்றால் எல்லாம் விரல் பருமனும் மணிக்கட்டுப் பருமனும்தான். பிக்கப் நிறைய ஏற்றினாலும் எடை வராது, டீசல்தான் செலவாகும். போகும் வழியில் இருந்தால் எடுப்பேன், அதற்கென்று தனியாக வண்டி விடமாட்டேன். மீதி ஒரு டன், காற்றில் முறிந்த ஒரு பெரிய பலாக்கிளையும் அதன் சில்லறைகளும்.

என்னென்ன மரம் வருகிறது என்பதும் முக்கியம். பலா நின்று எரியும். நடு ராத்திரிக்கு அதைத்தான் ஒதுக்கி வைக்கிறோம். சில்வர் ஓக் நேராகப் பிளக்கும், சீக்கிரம் காயும். தைலமரம் நல்ல சூடு, ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் கோடாலியைத் திருப்பி அனுப்பும். முள்முருக்கும் வட்டையும் காகிதம் மாதிரி. பற்ற வைக்க மட்டும். கீழ்மலையிலிருந்து வரும் ரப்பர் கிளை நன்றாக எரியும் என்றாலும் ஈரத்தில் சில வாரம் கிடந்தாலே பூஞ்சை பூத்து வண்டு துளைக்கும். சேரு மரத்துக் கிளை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பால் பட்ட இடம் கொப்புளித்துப் புண்ணாகிவிடும். கலந்து வரும் லோடில் அதை அடையாளம் காட்ட மரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்களுக்கு அந்த அண்ணன்தான்.

இலையும் குச்சியும் எடுப்பதில்லை. மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழே உள்ளது எல்லாம் அந்தந்தத் தோட்டத்திலேயே மூடாக்காகக் கிடக்கட்டும். விறகு ஆசையில் அதையும் வாரிக்கொண்டு போனால் மண் வெறுமையாகிவிடும். மண் போன பிறகு ஸ்டோர் எதற்கு?

அடுக்கு

நான் அதிகம் தவறியது இதில்தான். மேயில் வரும் விறகு காய்வதற்கு முன்னாலேயே மழை பிடித்துவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை இந்த மலையின் காற்றே ஈரம். அந்த மாதங்களில் விறகு காயாது, கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். உண்மையில் காய்வது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே இந்த மேயில் வந்த கிளை அடுத்த ஆண்டு ஜூலைக்குத்தான் தயார். ஒரே நேரத்தில் இரண்டு வருட விறகுக்கு இடம் வேண்டும் என்று இதற்கு அர்த்தம். மாமனாரின் அடுக்கு ஏன் கூரையைத் தொட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

பழைய தகரத்தைக் கொண்டு ஸ்டோரின் கிழக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு சாய்ப்பு இறக்கினேன். மழை தென்மேற்கிலிருந்து சாய்த்து அடிப்பதால் அந்தப் பக்கம் ஸ்டோர்ச் சுவரே மறைப்பு. மற்ற பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. முதலில் அங்கேயும் தார்ப்பாய் கட்டினேன். இரண்டே வாரத்தில் உள்ளே கை விட்டால் கசகசவென்று இருந்தது, வெட்டுவாய்களில் வெள்ளைப் பூஞ்சை. அவிழ்த்துவிட்டேன். கூரை மட்டும் போதும், காற்று தாராளமாக நுழைய வேண்டும்.

வந்த அன்றே இரண்டடி நீளத்துக்கு அறுத்து, கைப்பருமனுக்கு மேல் உள்ளதைப் பிளந்துவிடுகிறோம். பட்டையோடு முழுசாகக் கிடக்கும் உருளை ஒரு வருடம் கழித்தும் உள்ளே ஈரமாகவே இருக்கும். கீழே கல்லும் பழைய இரும்புக் குழாயும் போட்டு, தரையிலிருந்து அரையடி உயர்த்தி, சுவரிலிருந்தும் அரையடி தள்ளி அடுக்குகிறோம். கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். விறகு எடுக்கும்போது பாம்பைப் பார்க்காமல் கை விடாதிருக்கவும் இந்த இடைவெளி உதவுகிறது. கோணல்மாணல் கிளைகள் என்பதால் நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளமுள்ள அடுக்கில் காய்ந்த பிறகு ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான் நிற்கும். இடத்தை அந்தக் கணக்கில் ஒதுக்க வேண்டும்.

ஈரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கினேன். அதில் இரண்டு ஏமாற்று உண்டு. வெளிப்பக்கத்தில் குத்தினால் எப்போதும் குறைவாகக் காட்டும். துண்டைப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். பெரும்பாலான கருவிகள் காய்ந்த மரத்தின் எடையை வைத்துத்தான் சதவீதம் சொல்கின்றன. அதில் 25 என்று வந்தால் நாம் பேசும் கணக்கில் 20. அண்ணனுக்குக் கருவியே வேண்டாம். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்தது ‘டங்’ என்று சொல்லும், காயாதது ‘தொப்’ என்று நிற்கும். கருவியை வைத்து அவரைப் பலமுறை சோதித்துப் பார்த்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை.

புகைக்குழாயின் மூட்டுகளையும் மாற்றினோம். பருவத்தில் இரண்டு எடுப்புக்கு ஒருமுறை குழாயைத் தட்டிச் சுத்தம் செய்கிறோம். காய்ந்த விறகு எரித்தால் வருவது சாம்பல் மாதிரி உதிரும் கரி மட்டும். தார் வந்தால் எங்கோ ஈர விறகு கலந்துவிட்டது என்று புரிந்துகொள்வோம்.

2024இல் நடந்தது

2023 பருவத்தை, ஏற்கெனவே காய்ந்த ரப்பர் விறகைக் காசு கொடுத்து வாங்கி ஓட்டினேன். அடுக்கின் உண்மையான சோதனை 2024இல்தான். அந்தக் கோடை இடுக்கியின் ஏலத்தோட்டங்களைச் சுட்டெரித்துவிட்டது. மழை தவறி, செடிகள் நின்ற இடத்திலேயே கருகின. நிழல் அதிகமாகக் கழித்திருந்த தோட்டங்களில் அடி இன்னும் பலம் என்பதைக் கண்ணால் பார்த்தேன். இயல்பாகவே அந்த மேயில் யாரும் கிளையைத் தொடத் துணியவில்லை, எனக்கு வந்தது வெறும் ஒன்றரை டன். 2022 மாதிரி வெறுங்கையோடு நின்றிருந்தால் தேடி அலைந்திருப்பேன். அதைவிட மோசமாக, விறகுக்காகவே மரத்தில் கை வைக்கத் தோன்றியிருக்கும். நிழல் எவ்வளவு வேண்டும் என்பதைச் செடி சொல்ல வேண்டும், அடுப்பு சொல்லக் கூடாது. அடுக்கில் ஒரு வருட விறகு கூடுதலாக இருந்ததால் மரங்களை நிம்மதியாக விட முடிந்தது.

விளைச்சல் குறைந்து, ஸ்டோரில் இறங்கியது 900 கிலோ உலர்காய்தான். எரித்த விறகு 2.3 டன். ஒரு கிலோ காய்க்கு இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல். 2022இன் விறகைக் காய்ந்த எடைக்கு மாற்றினால் அது கிலோவுக்கு நான்கு. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இரவில் 48 டிகிரியில் நின்ற முள் விடியும் வரை அசையவில்லை, ஒரு லாட்கூட மஞ்சள் தட்டவில்லை. அண்ணன் பல வருடத்துக்குப் பிறகு அடுப்பு முன்னால் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதாகச் சொன்னார். எனக்கு விறகு மிச்சத்தைவிட அது பெரிதாகப் பட்டது.

கூலியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 11 டன்னை அறுக்க, பிளக்க, அடுக்க 26 ஆள்கூலி ஆனது. விறகு இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரம் ஏறிக் கழிப்பவர்களின் பாதுகாப்பில் இன்னும் எனக்குத் திருப்தி இல்லை. கயிறும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மழை ஈரத்தில் வழுக்கும் பட்டையில் அதை மட்டும் நம்பி ஒருவரை ஏற்ற மனம் ஒப்பவில்லை என்பதால், முதல் மழை விழுந்ததும் கழிப்பதை நிறுத்திவிடுகிறோம். பாதியில் நின்ற மரம் அடுத்த வருடம் வரைக்கும் அப்படியே நிற்கும்.

2025 மேயில் வந்த விறகு சாய்ப்பின் வடக்கு மூலையில் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கின் முகப்பிலும் சுண்ணாம்பால் வருடம் எழுதுகிறோம். 23 என்று எழுதியதில் இன்னும் இரண்டு அடுக்கு பாக்கி. அது தீராமல் 24ஐத் தொடக் கூடாது என்று அண்ணன் புதிதாக வந்த பையனிடம் கறாராகச் சொல்லி வைத்திருக்கிறார்.